லுசேர்ன் ஏரியின் நீராவிக் கப்பல்கள்: ஒக்ரோபரில் குடும்பத்துடன் ஒரு நாள்

சுவிற்சர்லாந்தில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு லுசேர்ன் பழகிய நகரம். ஊரிலிருந்தோ கனடாவிலிருந்தோ உறவினர் வந்தால் முதலில் அங்குதான் அழைத்துச் செல்கிறோம். மரப்பாலத்தின் முன் நிறுத்திப் படம் எடுக்கிறோம், சொக்லேற் வாங்கிக் கொடுக்கிறோம், பொழுது சாய்வதற்குள் வீடு திரும்பிவிடுகிறோம். அந்தச் சுற்றில் ஏரி வெறும் பின்னணியாகவே நின்றுவிடுகிறது. புகையிரத நிலைய வாசலுக்கு நேரெதிரே கப்பல்துறை இருந்தும், கப்பல் ஏறினால் செலவும் நேரமும் கூடிவிடும் என்ற எண்ணத்தில் பலர் அதைக் கடந்து போய்விடுகிறார்கள். ஏரிக் கப்பற் சேவையை, அதிலும் அதன் பழைய நீராவிக் கப்பல்களை, சிறுவர்களும் முதியவரும் உள்ள ஒரு குடும்பம் இலையுதிர்காலத்தில் நம்பிப் போகலாமா என்பதே இங்கு நான் எடுத்துக்கொண்ட கேள்வி. தாராளமாகப் போகலாம் என்பது என் முடிவு. அந்த நாளில் காசு செலவழிக்கத் தகுதியான ஒரே பொருள் கப்பற் பயணம்தான் என்றும், நகரத்தில் பார்க்கத் தக்கவற்றுள் பெரும்பாலானவை காசில்லாமலே கிடைக்கின்றன என்றும் கூடவே சொல்லுவேன்.

லுசேர்ன் ஏரியில் முதல் நீராவிக் கப்பல் 1837இல் ஓடியது. இன்று சேவையில் இருக்கும் துடுப்புச் சில்லுக் கப்பல்கள் ஐந்து: 1901இல் கட்டப்பட்ட ஊரி, 1902இன் உன்ரர்வால்டன், 1906இன் ஷில்லர், 1913இன் கலியா, 1928இன் ஸ்ராட் லுசேர்ன். டீசல் கப்பல்கள் பெருகிய காலத்தில் இவையெல்லாம் பழைய இரும்பு விலைக்குப் போயிருக்க வேண்டியவை. 1972இல் நீராவிக் கப்பல் நண்பர்கள் சங்கம் ஒன்று உருவாகிப் பணம் திரட்டியது. பொதுமக்களின் அந்த ஆதரவினாலேயே அவை ஒவ்வொன்றாகப் புதுப்பிக்கப்பட்டு மீண்டும் நீரில் இறங்கின. ஸ்ராட் லுசேர்னுக்கு வேறொரு வரலாறும் உண்டு. இரண்டாம் உலகப்போரின்போது, 1940 யூலை 25ஆம் திகதி, சுவிஸ் இராணுவத் தளபதி ஹென்றி கிசான் தம் உயர் அதிகாரிகளை இந்தக் கப்பலில் ஏற்றித்தான், சுவிஸ் நாடு பிறந்த இடமாகப் போற்றப்படும் றுட்லி புல்வெளிக்கு அழைத்துச் சென்று, நாட்டைக் காப்பதற்கான தம் திட்டத்தை அறிவித்தார். பாடசாலையில் சுவிஸ் வரலாறு படிக்கும் பிள்ளைகளுக்கு இந்தப் பெயர்கள் தெரிந்திருக்கும். அந்தப் படிக்கட்டில் தாமே ஏறும்போது புத்தகத்தில் படித்தது கொஞ்சம் பக்கத்தில் வருகிறது.

கப்பலின் உண்மையான கவர்ச்சி அதன் நடுவயிற்றில் இருக்கிறது. கீழ்த்தளத்தின் மையத்தில் இயந்திர அறை மேற்புறம் திறந்தபடி அமைந்திருப்பதால், கம்பித் தடுப்பில் சாய்ந்துகொண்டு முழு இயந்திரத்தையும் மேலிருந்து பார்க்கலாம். கொதிகலனிலிருந்து வரும் நீராவி உருளைகளுக்குள் புகுந்து தண்டுகளை முன்னும் பின்னும் தள்ளுவதும், தண்டுகள் வளைந்த அச்சைச் சுழற்றுவதும், அந்த அச்சு இருபுறச் சில்லுகளையும் திருப்புவதும் எந்த மறைப்புமின்றிக் கண்முன் நடக்கின்றன. முன்பு நிலக்கரி எரித்த கொதிகலன்கள் இப்போது எண்ணெயில் இயங்குகின்றன. மற்றபடி நூறாண்டுக்கு முன்னிருந்த வேலைமுறையே நீடிக்கிறது. இயந்திரப் பொறியாளர் எண்ணெய்க் குவளையோடு சுற்றிச் சுற்றி வருவதையும், துறையை நெருங்கும்போது மேலிருந்து வரும் கட்டளைக்கேற்ப நீராவியைக் குறைத்துச் சில்லுகளைப் பின்னோக்கித் திருப்புவதையும் என் ஏழு வயது மகன் வாய்திறவாமல் பார்த்தான். வேறெங்கும் அவன் இவ்வளவு நேரம் அமைதியாக நின்றதாக எனக்கு நினைவில்லை. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையில் இயந்திரப் பகுதியில் வேலை பார்த்தவர் என் மாமனார். மாமி அந்தக் கம்பித் தடுப்பருகே நின்று, "அவர் இருந்திருந்தா இந்த இடத்தை விட்டு அசைஞ்சிருக்க மாட்டார், தம்பி" என்றார். சுற்றுலாக் கையேடுகள் மலைக்காட்சியையே விற்கின்றன. என்னைக் கேட்டால், கப்பலில் ஏறியதும் முதல் இருபது நிமிடத்தை இந்த இயந்திரத்துக்கு ஒதுக்குங்கள். மலைகள் எங்கும் போய்விடப் போவதில்லை.

இருக்கை பற்றி ஒரு சொல். மேல்தளம் முதலாம் வகுப்புக்கு உரியது; விரிந்த காட்சியும், பழைய மரவேலைப்பாடுகள் நிறைந்த கூடமும் அங்கே உள்ளன. ஷில்லரின் கூடம் அந்தக் காலத்து அலங்காரக் கலைக்கே பெயர்போனது. ஆயினும் சிறுவர்களோடு போகிறவர்கள் மேல்வகுப்புக்குக் கூடுதல் பணம் கட்டத் தேவையில்லை. இயந்திரம் கீழே, தண்ணீரின் அருகாமையும் கீழே, முன்பக்கத் திறந்த வெளியில் நின்றால் காற்றும் இலவசம். ஒக்ரோபர்க் காற்று அங்கே சிறிது கடுமையாக அடிக்கும் என்பதால், கரையில் வெயில் அடித்தாலும் தொப்பியும் கழுத்துத்துணியும் பையில் இருக்க வேண்டும். முதியவர்களை உள்ளே இயந்திர அறைக்குப் பக்கத்தில் இருத்துவது நல்லது. அங்கிருந்து எழும் வெப்பத்தில் மாமி மேலங்கியைக் கழற்றிவிட்டார்.

பயணச்சீட்டைப் பொறுத்தவரை, நம்மவர்களில் பலர் தேவைக்கு மேல் கட்டுகிறார்கள் என்பது என் கணிப்பு. கப்பலுக்கெனத் தனியாகச் சீட்டு வாங்கினால் விலை உறைக்கத்தான் செய்யும். பொதுப் போக்குவரத்து முழுவதற்குமான நாட்சீட்டை முன்கூட்டியே வாங்கினால் அதில் புகையிரதமும் பேருந்தும் இந்த ஏரிக் கப்பலும் சேர்ந்தே வருகின்றன. பயண நாள் நெருங்க நெருங்க அதன் விலை ஏறும். அரைக்கட்டண அட்டை வைத்திருப்பவர்களுக்கு அது இன்னும் மலிவு. 6 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குக் கட்டணமில்லை. அதற்கு மேல் 16 வயது நிறையும்வரை, ஆண்டுக்கு 30 பிராங் விலையுள்ள யூனியர் அட்டை இருந்தால் பெற்றோருடன் செல்லும் பிள்ளை இலவசமாகப் பயணிக்கலாம். இந்த ஓர் அட்டையை வாங்காமல் ஒவ்வொரு முறையும் பிள்ளைக்கு அரைச்சீட்டு எடுக்கும் பெற்றோரை நான் அறிவேன். இரண்டு பயணங்களிலேயே அட்டையின் விலை திரும்பிவிடும். ஏரிக்கரைக் கிராமமான விற்ஸ்நாவிலிருந்து ரிகி மலைக்கு ஏறும் பல்சக்கரப் புகையிரதமும் நாட்சீட்டுக்குள் அடங்குகிறது. பிலாத்துஸ் மலைக்கு அப்படியல்ல. அங்கே கழிவு மட்டுமே கிடைக்கும் என்பதால், மலை ஏறும் எண்ணம் உள்ளவர்கள் இந்த வேறுபாட்டை முதலிலேயே மனதில் கொள்ள வேண்டும்.

சூரிச்சிலிருந்து லுசேர்னுக்குப் புகையிரதத்தில் முக்கால் மணி நேரம் போதும். நிலையத்தின் முன்வாசலில், 1971இல் எரிந்துபோன பழைய நிலையத்தின் கல்வளைவு தனியே நிற்கிறது. அதைத் தாண்டி வீதியைக் கடந்தால் கப்பல்துறை. தள்ளுவண்டியோடும் ஊன்றுகோலோடும் வருகிறவர்களுக்கு இவ்வளவு அருகில் அமைந்த கப்பல்துறை ஒரு வரம் என்றே சொல்ல வேண்டும். கப்பல் லீடோவில் போக்குவரத்து அருங்காட்சியகத்தின் அருகே நின்று, ஹேர்ற்றன்ஸ்ரைன், வெக்கிஸ் வழியாக ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் விற்ஸ்நாவை அடைகிறது. ஏரியின் தென்கோடியிலுள்ள ஃபுளுவேலன்வரை சென்றால் அதுவே மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகும். காட்சிக்கு அந்த நீண்ட பயணமே மேலானது என்பதில் ஐயமில்லை. மலைகள் செங்குத்தாக நீருக்குள் இறங்கும் பகுதி அங்கேதான் தொடங்குகிறது. சிறுவர்களைக் கருதினால் விற்ஸ்நா அல்லது வெக்கிஸ்வரை போய்வருவதே அளவானது. ஒரு மணி நேரத்துக்குப் பிறகு இயந்திரமும் சலிக்கும், பசியும் எடுக்கும்.

இலையுதிர்காலத்தின் சிக்கல் மூடுபனிதான். ஒக்ரோபர் நடுப்பகுதியிலிருந்து சுவிஸ் சமவெளியின் மேல் சாம்பல் நிறத் திரை ஒன்று நாட்கணக்கில் தொங்கிக்கொண்டிருக்கும்; சூரிச்சில் எழும்போது வானம் அப்படியிருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடவே மனம் சொல்லும். தள்ளிப்போட வேண்டாம். அந்தத் திரை பல நாட்களில் உயரத்தில் முடிந்துவிடுகிறது. 1,798 மீற்றர் உயரமான ரிகியின் உச்சியில் வெயில் காய்ந்துகொண்டே கீழே பனிக்கடல் பரந்து கிடப்பதைப் பார்க்கலாம். மலைக்கு மேலுள்ள ஒளிப்படக் கருவிகளின் நேரலைக் காட்சியைக் காலையில் இணையத்தில் பார்த்துவிட்டுப் புறப்படுவது அறிவுடைமை. உச்சியிலும் சாம்பல் நிறமே தெரிந்தால் மலையை விட்டுவிட்டுக் கப்பலோடு நிறுத்திக்கொள்ளலாம். மூடுபனிக்குள் நகரும் நீராவிக் கப்பலுக்கும் ஓர் அழகு உண்டு, ஆனால் படம் எடுக்க வந்தவர்கள் ஏமாந்துதான் போவார்கள். தெற்கிலிருந்து ஃபூன் என்னும் வெப்பக்காற்று வீசும் நாட்களோ இதற்கு நேர்மாறானவை: காற்று துப்புரவாகி, தொலைவிலுள்ள பனிமலைகள் கைக்கெட்டும் தூரத்தில் நிற்பதுபோல் தோன்றும். நாங்கள் போனது அப்படியொரு நாளில். வெக்கிஸ் கரையில் பிள்ளைகள் அரைக்கைச் சட்டையோடு ஓடினார்கள்.

இரண்டு கிராமங்களில் எதைத் தேர்வது என்று கேட்டால், மலை ஏறுபவர்களுக்கு விற்ஸ்நா, ஏறாதவர்களுக்கு வெக்கிஸ் என்பேன். விற்ஸ்நாவில் கப்பலை விட்டிறங்கியதும் சில அடி தூரத்தில் மலைப் புகையிரதம் காத்து நிற்கிறது. நிக்லவுஸ் ரிக்கன்பாக் என்ற பொறியாளர் வடிவமைத்து 1871 மே 21ஆம் திகதி திறக்கப்பட்ட இந்தப் பாதையே ஐரோப்பாவின் முதல் மலைப் புகையிரதம். வெக்கிஸ் வேறு விதமானது. வடக்குக் காற்றிலிருந்து ரிகி மலை மறைத்துக்கொள்வதால் அங்கே அத்தி மரமும் கஸ்ரானியன் (செஸ்நட்) மரமும் பனைவகைகளும்கூட வளர்கின்றன. கரையோர நடைபாதை தட்டையாகவும் இருக்கைகள் நிறைந்ததாகவும் இருப்பதால் முழங்கால் நோவுள்ள முதியவர்களுக்குப் பொருத்தமானது. வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போன ரோல்ஸையும் பற்றிஸையும் நாங்கள் அங்கேதான் பிரித்தோம். போத்தலில் கொண்டுபோன இஞ்சித் தேநீருக்கு அந்தக் கரையில் ஒரு தனிச்சுவை இருந்ததாக மாமி சொன்னார். நான் மறுக்கவில்லை.

நகரத்துக்குத் திரும்பியபின் எஞ்சும் பிற்பகலில் எதைப் பார்ப்பது? கப்பெல் பாலத்தை விலக்க முடியாது. 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த, 200 மீற்றருக்குச் சற்று மேற்பட்ட நீளமுள்ள இந்தக் கூரையிட்ட மரப்பாலத்தின் பெரும்பகுதி 1993 ஓகஸ்ற் 18ஆம் திகதி அதிகாலைத் தீயில் அழிந்து, அடுத்த ஆண்டு ஏப்ரலில் மீண்டும் திறக்கப்பட்டது. கூரையின் முக்கோணச் சட்டங்களில் இருந்த 17ஆம் நூற்றாண்டு ஓவியங்களில் பெரும்பாலானவை அன்று போய்விட்டன. பல சட்டங்கள் இன்றும் வெறுமையாகவே நிற்கின்றன. பாலத்தில் நெரிசல் எப்போதும் உண்டு. ஆற்றோடு கீழே சில நிமிடம் நடந்தால் வரும் ஸ்புறோயர் பாலத்துக்கு அந்தக் கூட்டத்தில் பாதிகூட வருவதில்லை. 1626 முதல் 1635 வரை காஸ்பர் மெக்லிங்கர் வரைந்த மரண நடன ஓவியங்கள் அங்கே தலைக்கு மேலே தொடர்ச்சியாக இருக்கின்றன: அரசன், வணிகன், மணப்பெண் என்று எல்லோரையும் எலும்புக்கூடு கைபிடித்து அழைத்துப் போகிறது. சிறுவர்கள் பயப்படுவார்களோ என்று நினைத்தேன். என் மகள் எலும்புக்கூடுகளை எண்ணத் தொடங்கிவிட்டாள். அந்தப் பாலத்தின் பக்கத்திலேயே, 19ஆம் நூற்றாண்டின் நடுவில் கட்டப்பட்ட ஊசியணை உள்ளது. நிரையாக நிற்கும் மரப்பலகைகளைக் கையால் எடுத்தும் செருகியும் முழு ஏரியின் நீர்மட்டத்தையே கட்டுப்படுத்துகிறார்கள் என்பதை விளக்கியபோது, நீராவி இயந்திரத்தைப் பார்த்துவிட்டு வந்த மகனுக்கு அது உடனே பிடிபட்டது.

ஸ்புறோயர் பாலத்திலிருந்து முசெக் எனும் பழைய நகர மதிலுக்குப் போக ஏற்றம் ஏற வேண்டும். முதியவர்களைக் கீழே ஒரு இருக்கையில் விட்டுவிட்டுப் போவதே நடைமுறை. மதிலின் ஒன்பது கோபுரங்களுள் சில ஏப்ரல் தொடக்கம் நவம்பர் ஆரம்பம் வரை கட்டணமின்றித் திறந்திருக்கின்றன. அவற்றில் மணிக்கோபுரத்தின் 1535ஆம் ஆண்டுக் கடிகாரம் நகரத்தின் மற்றக் கடிகாரங்களுக்கு ஒரு நிமிடம் முன்னதாக மணியடிக்கும் உரிமை பெற்றது. அந்த ஒரு நிமிட முந்தலைக் காதால் கேட்பதற்காகவே மணி நெருங்கும் வேளையில் மேலே இருக்குமாறு ஏற்பாடு செய்யலாம்; மணியருகே நிற்பவர்கள் சிறுவர்களின் காதைப் பொத்த மறக்க வேண்டாம். சிங்கச் சின்னத்தையும் போய்ப் பார்த்தோம். 1792இல் பாரிசில் மாண்ட சுவிஸ் காவற்படையினரின் நினைவாக, தோர்வல்சனின் வடிவமைப்பில் 1820–21இல் மணற்கற் பாறையில் செதுக்கப்பட்டது. சிறந்த சிற்பம், ஆனால் சுற்றுலாப் பேருந்துகள் வந்திறங்கும் வேளையில் அதன் முன் நின்று எதையும் உணர்வது கடினம்.

உணவில்தான் நகரம் கைவிடுகிறது. ஆற்றங்கரையில் மேசை போட்டிருந்த உணவகம் ஒன்றில் அமர்ந்தோம். பெயர் தேவையில்லை, அந்த வரிசையில் இத்தகையவை பல உள்ளன. மரக்கறி உணவு என்று கேட்டதற்கு ஆறிப்போன பாலாடைக் களி ஒன்று வந்தது. குழாய்த் தண்ணீருக்கும் பட்டியலில் விலை போட்டிருந்தார்கள். ஊரின் சிறப்பு உணவான கூகெலி பஸ்தேத்தே, மெல்லிய மாவுக்கூட்டுக்குள் இறைச்சி உருண்டைகளை வெள்ளைக் குழம்போடு வைத்துத் தருவது; வழமையாக அதில் கன்றிறைச்சி சேரும் என்பதை மாட்டிறைச்சி தவிர்க்கும் குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டும். இலையுதிர்காலத்தில் உணவகப் பட்டியல்களை மான், காட்டுப்பன்றி இறைச்சி நிறைத்திருக்கும். அதை விரும்புகிறவர்களுக்கு இது ஏற்ற பருவம். மற்றவர்களுக்கு என் ஆலோசனை எளிது: வீட்டுச் சாப்பாடு, வீதியோரத்தில் சுடச்சுடக் காகிதப் பையில் தரும் மரோனி என்னும் சுட்ட கஸ்ரானியன் கொட்டை, பேரிக்காய்ப் பாகு சேர்த்த லுசேர்ன் லேப்கூகன் என்னும் வாசனைக் கேக். ஞாயிற்றுக்கிழமையில் பழைய நகரத்துக் கடைகளில் பெரும்பாலானவை பூட்டியிருக்கும். நிலையத்தின் கீழ்த்தளக் கடைகள் திறந்திருப்பதால் பாலும் பழமும் அங்கே வாங்கிக்கொள்ளலாம்.

ஒக்ரோபரில் போகிறவர்கள் இன்னொன்றையும் எதிர்பார்க்க வேண்டும். மேஸ் எனப்படும் இலையுதிர்காலச் சந்தை ஏறத்தாழ இரண்டு வாரம் நிலையத்தின் பக்கத்திலேயே நடக்கும்; இராட்டினங்களின் வெளிச்சம் கப்பலிலிருந்து இறங்கும்போதே பிள்ளைகளின் கண்ணில் பட்டுவிடும். ஒவ்வொரு இராட்டினத்துக்கும் தனித்தனிக் கட்டணம் என்பதால், ஆளுக்கு ஒன்று என்று புகையிரதத்திலேயே பேசி முடித்துவிடுவது பெற்றோருக்கு நல்லது. 1959இல் திறக்கப்பட்ட போக்குவரத்து அருங்காட்சியகத்தையும் இதே நாளில் சேர்க்கலாமா என்று கேட்டால், கூடாது என்பேன். உள்ளே புகையிரத இயந்திரங்களும் விமானங்களும் குவிந்து கிடக்கின்றன. அதற்கே ஒரு முழு நாள் வேண்டும், நுழைவுக் கட்டணமும் சிறிதன்று. விடாமல் மழை பெய்யும் நாளுக்கு அதை ஒதுக்கி வையுங்கள்.

கப்பல் அட்டவணையைப் பற்றிய எச்சரிக்கையைச் சொல்லாமல் விடக் கூடாது. கோடைக்கால அட்டவணை முடிந்தபின் பயணங்கள் குறைந்து விடுகின்றன, நீராவிக் கப்பல்கள் ஓடும் தடவைகளோ மேலும் சுருங்கிவிடுகின்றன. எந்தப் பயணத்துக்கு நீராவிக் கப்பல் வருகிறது என்பது அட்டவணையில் தனியாகக் குறிக்கப்பட்டிருக்கும். அந்தக் குறியைப் பார்க்காமல் துறைக்குப் போனால் சாதாரண மோட்டார்க் கப்பலே வந்து நிற்கும், பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டு போன இயந்திரம் அதில் இராது. ஆகவே ஒக்ரோபர் முதல் பாதியைத் தேர்ந்தெடுப்பது பாதுகாப்பானது. மாதக் கடைசி ஞாயிறன்று கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னுக்குப் போனபின், பிற்பகற் கப்பலில் திரும்புகிறவர்கள் பாதி வழியை இருளிலேயே கடக்க நேரிடும்.

சூரிச்சுக்குத் திரும்பும் புகையிரதத்தில், ஓடும் திசைக்கு வலப்பக்கத்தில் இருக்கை பிடியுங்கள். சாம் தாண்டிச் சூக் வரும்வரை இன்னொரு ஏரி அந்தப் பக்கத்தில்தான் வரும். எங்கள் வீட்டுச் சிறுவர்கள் அதைப் பார்க்கவில்லை. இருவரும் றோற்குறோய்ஸ் வருமுன்பே உறங்கிவிட்டார்கள்.